ஆளில்லாச் சான்று

சமையலறைக் கதவைச் சாத்தப் போன ஞானாபரணத்தின் கையோடு நிலைச்சட்டத்தில் ஒரு சாண் பெயர்ந்து வந்தது. பெயிண்ட் மட்டும் கெட்டியாக இருந்தது. மரம் இருக்க வேண்டிய இடத்தில் மண் இருந்தது. மண்ணுக்குள் கரையான் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு அறுபத்தாறு வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் லேத் ஓட்டியவர். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. ஒரே மகள் ரெபேக்கா ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் வருவாள். போத்தனூரில், மேற்கு மண்டலக் குடியிருப்புப் பராமரிப்பு வாரியத்தின் காலனியில், டி-47 என்ற வீட்டில் அவர் தனியாகக் குடியிருந்தார்.

வாரியத்தின் வீடுகளில் பூச்சி மருந்தை வாரியம்தான் அடிக்க வேண்டும். குடியிருப்பவர் கொசுவர்த்திக்கு மேல் எதையாவது சொந்தமாகப் பயன்படுத்தினால் ஒதுக்கீடு ரத்தாகும் என்று காலனி நுழைவில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். பலகையின் கால்கள் இரண்டையும் கரையான் தின்றுவிட்டதால் அதை வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

ஞானாபரணம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மறுநாள் காலை பத்து மணிக்கு வாரியத்தின் பூச்சி ஒழிப்புத் துறைக்குப் போனார். ஐந்து மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் ரங்கநாயகி என்ற எழுத்தர் விண்ணப்பம் கொடுத்தார்.

"கரையானுங்க அம்மணி. நிலைச்சட்டம் போச்சுங்க."

"கரையான் ரெண்டாவது கேள்விங்க. மொதக் கேள்விக்கு மொதல்ல எழுதோணும். மருந்து என்ன உருவத்துல வேணுமுங்க?"

விண்ணப்பத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. திரவம், தூள், பசை, குருணை, புகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மாடி. ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடிக்குப் போவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

"எது நல்லாக் கேக்குமுன்னு நீங்களே சொல்லுங்களேன்."

"நாங்க சொன்னா அது பரிந்துரைங்க. பரிந்துரைக்குத் தனிப் பிரிவு இருக்குது. அதுக்கு இன்னும் ஆள் போடலீங்க."

ஞானாபரணம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எது கேட்குமோ அது' என்று எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் கழித்துத் தபாலில் பதில் வந்தது. 'இப்பெயரில் பிரிவு எதுவும் இல்லை.'

இரண்டாவது முறை அவர் பசை என்ற கட்டத்தில் டிக் போட்டார். ஒட்டிக்கொண்டால் கரையான் நகராது என்பது அவர் கணக்கு.

பசைப் பிரிவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஆய்வாளர் அமீர் ஹம்சா, பதிவேட்டைச் சுமக்கும் ஒருவர், மருந்தைச் சுமக்கும் மாசாணம். மாசாணத்துக்கு ஐம்பது வயதிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் ஐந்து பிரிவுக்கும் அவரே மருந்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏறி இறங்குகிற ஒரே மனிதர் அவர்தான்.

அமீர் ஹம்சா நிலைச்சட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது கரையானுங்க. எங்க ஜெல்லு கரப்பானுக்கு உள்ளது. கரையான் இதைச் சீண்டவே சீண்டாதுங்க."

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

"நீங்கதானுங்க கூப்பிட்டீங்க. கரப்பான் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

அமீர் ஹம்சா உண்மையிலேயே வருத்தப்பட்டார். பதிவேட்டில் 'கரப்பான்: பற்றாக்குறை' என்று எழுதச் சொன்னார். உத்தரவில் நாற்பத்திரண்டு புள்ளி என்று போட்டிருந்ததால், மாசாணம் ஊசிக்குழலால் அலமாரி மூலையிலும் சிங்குக்கு அடியிலும் நாற்பத்திரண்டு புள்ளி வைத்தார். இடம் போதாமல் கடைசி ஆறு புள்ளியைக் குளியலறையில் வைத்தார்.

ஞானாபரணம் டீ போட்டார். நாலு டம்ளரும் ஒரே நேரத்தில் அடுப்படித் திண்டில் நின்றதைப் பார்க்க அவருக்கு என்னவோ போல இருந்தது. மூன்றை எங்கே வைத்திருந்தோம் என்று அவர் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அமீர் ஹம்சா தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெபேக்கா வழக்கம்போலக் கேட்டாள். "ஊட்டுக்கு யாராச்சும் வந்தாங்களாப்பா?"

போன நான்கு வருடங்களில் முதல் முறையாக அவர் பொய் சொல்லாமல், "மூணு பேரு வந்தாங்க கண்ணு" என்றார்.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுக்கொண்டே போனார். குருணைப் பிரிவு வந்து கொல்லையில் குருணை தூவியது. அது எறும்புக்கு வைக்கிற மருந்து. எறும்புகள் செத்தன. அந்த வீட்டில் கரையானைத் தின்றுகொண்டிருந்த ஒரே கூட்டம் அதுதான். புகைப் பிரிவு வந்து, வீட்டில் காற்றுப் புகாமல் எல்லா ஓட்டையையும் அடைத்தால்தான் புகை போட முடியும் என்றது. பெரிய ஓட்டை எல்லாம் கரையான் போட்டது. 'கரையானை ஒழித்தபின் ஓட்டைகளை அடைத்து, பின்னர் கரையானை ஒழிக்க விண்ணப்பிக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. இதற்குள் கரையான் சமையலறையை முடித்துக்கொண்டு படுக்கையறை ஜன்னலுக்கு வந்திருந்தது.

ஒவ்வொரு முறையும் ஞானாபரணம் டீ போட்டார். மாசாணத்துக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி என்பது அவருக்குப் பழகிவிட்டது. அதிகாரிகள் வரும் நாளில் காலையிலேயே சவரம் செய்துகொண்டார்.

தூள் பிரிவின் தலைவர் நஞ்சப்பன் நேரில் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சுவருக்குத் தண்ணீரில் கலக்குகிற தூள்தான் அடிக்க வேண்டும் என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவருக்கு உறைத்தது. தண்ணீரில் கலந்த பிறகு அது தூளா, திரவமா? தூள் என்றால் அவர் பிரிவு. திரவம் என்றால் கீழ்மாடி பிரான்சிஸின் பிரிவு. இருபத்தாறு வருடமாக அந்தக் கேள்வி யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது.

உருவ நிர்ணயக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் ஞானாபரணத்துக்கும் அழைப்பு வந்தது. மேசைக்கு நடுவில் ஒரு வாளித் தண்ணீர். மாசாணம் அதில் தூளைப் போட்டு மூங்கில் குச்சியால் கலக்கினார். தண்ணீர் சாம்பல் வெள்ளையாக மாறியது.

"இது தண்ணி மாதிரி ஓடுது. தண்ணி எங்களுது" என்றார் பிரான்சிஸ்.

"கலக்கறத நிறுத்தச் சொல்லுங்க பார்க்கலாம்" என்றார் நஞ்சப்பன்.

மாசாணம் நிறுத்தினார். எல்லோரும் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெல்ல மெல்லத் தூள் அடியில் படிந்தது. மேலே தண்ணீர் தெளிந்தது.

"பாருங்க, தூளு அதோட எடத்துக்குத் திரும்பிருச்சு" என்றார் நஞ்சப்பன். அவர் குரல் தழுதழுத்தது.

"மறுபடி கலக்கட்டுங்களா? கலக்கீட்டே அடிச்சாத்தானுங்க செவுத்துல புடிக்கும்" என்று மாசாணம் கேட்டார்.

"வேண்டாம். கலக்கினால் அது திரவப் பிரிவுக்குச் சாதகமான செயல்" என்று தலைமை தாங்கிய துணை இயக்குநர் கிருபாசங்கர் தடுத்தார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"நண்பர்களே, பூச்சியை ஒழிப்பதுதான் நம் வேலை என்று வெளியே சிலர் நினைக்கிறார்கள். அது ஒரு குறுகிய பார்வை. பூச்சி ஒழிந்துவிட்டால் இந்தக் கட்டடத்தில் ஐந்து மாடி எதற்கு? முந்நூறு பேர் எதற்கு? பூச்சி நம் எதிரி அல்ல, நம் பயனாளி. நாம் பாதுகாக்க வேண்டியது முறையை. இன்று ஒரு தூள் தண்ணீரில் இறங்கிவிட்டது என்று விட்டுவிட்டால், நாளை ஒரு குருணை புகையாகிவிடும். அப்புறம் யார் யாருக்குக் கையெழுத்துப் போடுவது? இந்தக் காலனியில் சில நிலைச்சட்டங்கள் போகலாம். ஆனால் வாரியம் நிலைத்து நிற்கும்."

கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் தட்டியதால் ஞானாபரணமும் தட்டினார். வாளியை அரக்கு வைத்து மூடி, அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்காகப் பாதுகாப்பறையில் வைத்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் மாசாணம் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க, நான் ஒன்னு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே. திரவமுன்னு எழுதிக் குடுங்க. செவுத்தோரமா அடிக்கொரு ஓட்டை போட்டு, உள்ளாற மருந்த எறக்கி, சிமெண்ட்டு வெச்சு மூடுனா கரையான் அடங்கீரும். ஒரு காலையில முடிச்சுபோடலாமுங்க."

ஞானாபரணம் அவர் பக்கம் திரும்பினார். "எட்டு மாசமாச்சு மாசாணம். மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கேக்கலீங்களே. பதினெட்டு வருசமாச்சு. என்னைய யாருமே கேக்கலீங்க."

திரவப் பிரிவு இரண்டே வாரத்தில் தேதி கொடுத்தது. ஆனால் மருந்து இறக்குவதற்கு முன் ஆளில்லாச் சான்று ஒன்று தேவைப்பட்டது. பிரான்சிஸ் விளக்கினார். வீட்டுக்குள் யாரும் இல்லை என்று ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வெளியே வந்தபின், அவரும் உள்ளே இல்லை என்று வீட்டைச் சேர்ந்த இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"ரெண்டாவது கையெழுத்து யாருங்க?"

"ஊட்டுல நான் மட்டுந்தானுங்க."

"ஒறம்பரை, சொந்தபந்தமுன்னு யாராச்சும் வந்து போறவங்க?"

"அப்படி யாரும் இல்லீங்க."

"பக்கத்து ஊட்டுக்காரங்க?"

பக்கத்து வீட்டில் இரண்டு வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது. எதிர்ப்பட்டால் சிரிப்பார்கள். அவர்கள் பெயர் ஞானாபரணத்துக்குத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "அவுங்க வேலைக்குப் போயிருப்பாங்க" என்றார்.

பிரான்சிஸ் பெருமூச்சு விட்டார். "செரி, ரெண்டையும் நீங்களே போட்டுருங்க."

ஞானாபரணம் போட்டார். 'டி-47இல் யாரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்' என்பதற்குக் கீழே ஒரு கையெழுத்து. 'மேற்படி நபரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்' என்பதற்குக் கீழே இன்னொன்று.

மாசாணம் வாசலில் டிரம்மில் தண்ணீர் பிடித்து, டப்பாவிலிருந்து மருந்தை ஊற்றினார். எண்ணெய் போல இறங்கிய மருந்து தண்ணீரைத் தொட்டதும் பாலாக வெளுத்தது. டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கியது. நான்கு மணி நேரம் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னார்கள்.

காலனி வாசல் வரை நடந்த பிறகுதான், நான்கு மணி நேரம் போய் இருப்பதற்குத் தனக்கு ஒரு வீடு இல்லை என்பது ஞானாபரணத்துக்குப் புரிந்தது. கம்பெனியில் கூட வேலை செய்தவர்களில் ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார், இருவர் இறந்துவிட்டார்கள். சர்ச்சில் போதகர் புதிது. வார நாளில் போய் நின்றால் என்ன விசேஷம் என்று கேட்பார். கடைசியில் போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். "யாரைக் கூட்டீட்டுப் போக வந்தீங்க?" என்று கேட்டாள்.

"மகளுங்க" என்றார்.

பாலக்காட்டுப் பக்கமிருந்து ரயில் வந்து நின்றது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பெட்டி பெட்டியாக நடந்தார். கூட்டம் கலைந்து ரயிலும் போன பிறகு அந்தப் பெண், "வரலீங்களா?" என்றாள்.

"அடுத்த வண்டியில வருமுங்க."

அடுத்த வண்டிக்கும் அவர் எழுந்து நின்றார். அப்போது அந்தப் பெண் அங்கே இல்லை.

வீடு திரும்பியபோது சுவரோரம் முழுக்க அடிக்கொரு சிமெண்ட் பொட்டு வரிசையாக இருந்தது. மருந்து வாடை மூக்கில் ஏறியது. மாசாணம் தரையைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது வாரம் ஞானாபரணம் ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிப் பார்த்தார். காய்ந்த மண் மட்டும்தான் உதிர்ந்தது.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆளில்லாச் சான்று அதன் வழியில் போய்க்கொண்டிருந்தது. பூச்சித் துறையிலிருந்து பதிவறைக்கும், பதிவறையிலிருந்து ஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் போனது. டி-47இல் யாரும் இல்லை என்று குடியிருப்பவரே இரண்டு முறை உறுதி கூறியிருந்ததை ஒதுக்கீட்டுப் பிரிவு கவனமாகப் படித்தது. முதலில் வாரியத்தின் எலெக்ட்ரீஷியன் வந்து, காலி வீடு என்று ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை ரவிதேஜா என்ற இளைஞர் ஒருவர் ஒதுக்கீட்டு உத்தரவோடும் அளவு நாடாவோடும் வந்தார்.

"சார், நீங்க பெயிண்டருங்களா?"

"நான் இந்த ஊட்டுல குடியிருக்கறேனுங்க."

ரவிதேஜா உத்தரவை மறுபடி படித்தார். "காலின்னு போட்டிருக்குதே சார்." அவர் நல்ல பையன். சங்கடப்பட்டுக்கொண்டே ஜன்னல் திரைக்கு அளவெடுத்தார். நாடாவின் மறுமுனையை ஞானாபரணம் பிடித்துக்கொண்டார்.

ஞானாபரணம் மனுக் கொடுத்தார். விசாரணைக்குக் கிருபாசங்கரே தலைமை தாங்கினார்.

"நீங்கள் டி-47இல் இருப்பதற்குச் சாட்சி யார்?"

"நானேதானுங்க."

"நீங்கள் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது இருக்கிறேன் என்கிறீர்கள். இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிற ஒருவரை வாரியம் எப்படிச் சாட்சியாக ஏற்பது? அண்டை வீட்டார் யாராவது?"

ஞானாபரணம் இல்லை என்று தலையாட்டினார்.

"உறவினர்?"

"மகள் இருக்குதுங்க. ஆஸ்திரேலியாவுல. ஞாயித்துக்கெழம பேசுமுங்க."

"போனில் பேசுகிறவர் எங்கிருந்து வேண்டுமானாலும் பேசலாம்" என்று கிருபாசங்கர் பரிவோடு சொன்னார். "உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்க்கிறேன். ஆனால் நான் பார்ப்பது வேறு, வாரியம் பார்ப்பது வேறு. நான் இந்தப் பதவிக்கு வந்தபின் என் கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்ததில்லை."

அறையின் பின்பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "நான் பாத்திருக்கறேனுங்க." கூட்டத்துக்கு நாற்காலி போட வந்த மாசாணம் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை முறை?"

"பதினாலு தடவைங்க. அஞ்சு பிரிவோடயும் போயிருக்கறேன். இவருக்கு டீயில சக்கரை ஆகாது. எனக்கு ரெண்டு கரண்டி போடுவாரு." மாசாணம் கொஞ்சம் தயங்கினார். "அடுப்படியில ஒரு காலண்டர் இருக்குதுங்க. நாங்க வந்த நாளெல்லாம் வட்டம் போட்டு வெச்சிருக்காரு. போயிப் பாருங்க."

ஞானாபரணத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. அதை மாசாணம் கவனித்திருப்பார் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

காலண்டர் வரவழைக்கப்பட்டது. கிருபாசங்கர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். சிவப்பு மையில் பதினான்கு வட்டம். பூச்சித் துறையின் பதிவேட்டோடு பதினான்கும் பொருந்தின.

"மற்ற நாட்களில் வட்டம் இல்லையே?"

"அன்னிக்கெல்லாம் யாரும் வரலீங்க" என்றார் ஞானாபரணம்.

தீர்ப்பு அன்றே வந்தது. மனுதாரர் இந்த ஆண்டில் பதினான்கு நாள் டி-47இல் இருந்தது ஐயமின்றி நிரூபணமாகியுள்ளது. எஞ்சிய நாட்களுக்குச் சான்று இல்லை. கருணை அடிப்படையில் ஒதுக்கீடு தொடரலாம். இனி இப்படிக் குழப்பம் நேராமலிருக்க, வாரியத்தின் ஒற்றை நபர் வீடுகள் அனைத்திலும் நபர் உண்டா என்று மாதம் ஒருமுறை பூச்சி ஒழிப்புத் துறை ஆய்வு செய்ய வேண்டும். ரவிதேஜாவுக்கு வேறு பிளாக்கில் வீடு கிடைத்தது. ஃப்யூஸ் திரும்பி வர இன்னும் ஒன்பது நாளானது.

முதல் ஆய்வுக்கு மாசாணம் தனியாக வந்தார். பழைய பதிவேட்டிலேயே 'நபர்' என்று கையால் ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள்.

"கரையான்?" என்று அவரே கேட்டு, சுவரோரம் பார்த்து, "இல்லை" என்று எழுதினார். "கரப்பான், இல்லை. எலி, இல்லை." பிறகு தலையை நிமிர்த்தி ஞானாபரணத்தைப் பார்த்தார். "நபர், உண்டு. நடவடிக்கை..." அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே அச்சடித்திருந்ததை அவர் வாசித்தார். "தேவையில்லை."

ஞானாபரணம் கையெழுத்துப் போட்டார். டீ போட எழுந்தார்.

"இன்னிக்கு வேண்டாமுங்க. இந்த மாதிரி இன்னும் பதினாறு ஊடு பாக்கோணும்."

"பதினாறா? இந்தக் காலனியிலயா?"

"ஆமாங்க. ஏ பிளாக்குல மட்டும் அஞ்சு. லிஸ்ட்டு போட்டதுக்கு அப்பறந்தான் எனக்கே தெரியும்."

மாசாணம் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். ஞானாபரணம் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார்.

"மாசாணம், நானும் கூட வாரேன்."

"அதுக்கு இதுல பத்தி இல்லீங்களே."

"எழுத வேண்டாம். சும்மா வாரேன்."

மாசாணம் வாசலில் நின்ற பைக்கின் ஸ்டாண்டை எடுத்துவிட்டு அதை ஸ்டார்ட் செய்து காத்திருந்தார். ஞானாபரணம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

முதல் வீடு ஏ-12. கதவைத் தட்டியதும் உள்ளே டி.வி. சத்தம் நின்றது. நீண்ட நேரம் கழித்துக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. கிரில்லுக்கு அந்தப் பக்கம் விமலாராணி என்று பதிவேட்டில் எழுதியிருந்த ஒரு வயதான பெண்மணி நின்றார். இரண்டு ஆட்களைக் கண்டதும் பயந்துவிட்டார்.

"ரெண்டு பேரா வந்திருக்கீங்களே. ஊட்டக் காலி பண்ணச் சொல்றாங்களா?"

மாசாணம் பதிவேட்டைத் திறக்கப் போனார். அதற்குள் ஞானாபரணம் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இல்லீங்கம்மா. நீங்க இருக்கறீங்களான்னு பாத்துட்டுப் போலாமுன்னு வந்தோம்."

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இருக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, சாவியைத் தேடி உள்ளே போனார்.